நின்றால் கொதிக்கிறதா, ஓடினால் கொதிக்கிறதா?

வாகனம்: வாசகர் கேள்வி பதில்

பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து இந்தக் கோடையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன. இன்ஜின் சூடேறுகிறது, ரேடியேட்டர் தண்ணீர் கொதித்து வெளியேறுகிறது, ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்தும் தீரவில்லை. எனவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் 1998ஆம் ஆண்டு மாருதி 800 இருக்கிறது, கார்புரேட்டர் வண்டி, ஏசி உண்டு. நான்கு வழிச்சாலையில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டாது. ஊருக்குள் சிக்னலில் சிறிது நேரம் நின்றால் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. மெக்கானிக் ரேடியேட்டர் மூடியை மாற்றினார், தெர்மோஸ்டாட்டையும் கழற்றிவிட்டார். இப்போது நெடுஞ்சாலையில் முள் மேலே வருவதே இல்லை, சிக்னலில் மட்டும் முன்பு போலவே ஏறுகிறது. அடுத்து ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இப்போதைக்கு ரேடியேட்டரில் கை வைக்க வேண்டாம். குறை எங்கே இருக்கிறது என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது.

பெட்ரோல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டும் சக்தியாகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போய்விடுகிறது. மீதியின் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமந்து வந்து ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கிறது. ஆகவே தண்ணீர் ஓட்டம் ஒழுங்காக இருக்க வேண்டும், ரேடியேட்டரின் ஊடே காற்றோட்டமும் ஒழுங்காக இருக்க வேண்டும். வண்டி வேகமாக ஓடும்போது காற்று தானாகவே முகப்பு வழியே புகுந்துவிடும். நிற்கும்போது ஃபேன் இழுக்கும் காற்றைத் தவிர வேறு காற்று கிடையாது. ஓடும்போது ஒன்றும் ஆகாமல் நிற்கும்போது மட்டும் சூடேறினால் தண்ணீர் ஓட்டத்தில் பெரிய குறை இல்லை, காற்றோட்டத்தில்தான் குறை என்று கொள்ளலாம். நிற்கும்போது சரியாக இருந்து, வேகமெடுத்தால் சூடேறினால் தண்ணீர் ஓட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொள்ளுமாறு எல்லா வாசகர்களையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். தேவையில்லாமல் மாற்றப்படும் ரேடியேட்டர்களில் பாதியை இது காப்பாற்றிவிடும்.

உங்கள் வண்டியில் ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது. ஏசியை அணைத்துவிட்டு, வண்டியை நிறுத்திய இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து காத்திருங்கள். முள் பாதியைத் தாண்டியதும் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கி, ஓரிரு நிமிடம் ஓடிவிட்டுத் தானாக நிற்க வேண்டும். முள் முக்கால் பங்கு ஏறியும் அது அசையவில்லை என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு, தண்ணீர்ப் பாதையில் செருகப்பட்டிருக்கும், சூட்டை உணர்ந்து ஃபேனைப் போடும் தெர்மோ சுவிட்சின் வயரைத் தேடிப் பிடியுங்கள். இரண்டு வயர் உள்ள சுவிட்சாக இருந்தால் சாக்கெட்டைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, அந்த இரண்டு வயர்களையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துப் பாருங்கள். ஒற்றை வயர் சுவிட்சாக இருந்தால் அந்த வயரை இன்ஜினின் சுத்தமான உலோகப் பகுதியில் தொட்டுப் பாருங்கள். ஃபேன் சுழன்றால் சுவிட்ச்தான் செத்திருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதும். சுழலவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, எர்த் வயர், கடைசியாக மோட்டார் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் எர்த் வயரின் முனை பச்சைப் பூத்துக் கிடப்பது மிகச் சாதாரணம். அதைச் சுரண்டி இறுக்கியவுடன் ஃபேன் இரண்டு மடங்கு வேகத்தில் சுழல்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஃபேன் சுழல்கிறது என்பதோடு நிறுத்திவிடவும் கூடாது. ஒரு தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்தால் அது வலையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாமல் கீழே விழுந்தால் மோட்டாரின் கார்பன் தேய்ந்து வேகம் குறைந்திருக்கலாம். யாராவது மோட்டாரைப் பழுது பார்த்தபோது வயரை இடம் மாற்றி இணைத்து, ஃபேன் எதிர்த்திசையில் சுழன்றுகொண்டிருக்கலாம். ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு உடைந்து காணாமல் போயிருக்கலாம். அந்தக் கூடு இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டரின் ஊடே காற்றை இழுக்காமல், பக்கவாட்டிலிருந்து இன்ஜின் அறையின் சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொண்டிருக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரையும் பாருங்கள். பல ஆண்டுப் புழுதியும் பூச்சிகளும் இரண்டுக்கும் இடையில் கம்பளி போல அடைந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது; கண்டென்சரைச் சற்று விலக்கி, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லிய நீர்த்தாரையைப் பாய்ச்சினால்தான் வெளியே வரும். வாட்டர் சர்வீஸ் குழாயை நேரே வைத்து அடித்தால் இதழ் இதழாக இருக்கும் தகடுகள் மடங்கிக் காற்று வழியை நிரந்தரமாக அடைத்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று கழற்றிவிடும் பழக்கம் பல பட்டறைகளில் வேரூன்றிவிட்டது; அது தவறான பழக்கம். தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் மெழுகு, வண்டிக்கேற்ப 82 அல்லது 88 டிகிரி செல்சியஸ் அளவில் உருகி விரிந்து, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும். அதற்கு முன் திறக்காமல் இருப்பதுதான் அதன் வேலை. அது இல்லாத இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமலே ஓடுகிறது. பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது, ஆயிலில் ஈரம் தங்கிச் சேறு படிகிறது, சிலிண்டர் விரைவில் தேய்கிறது. உங்கள் முள் நெடுஞ்சாலையில் மேலே வராததற்குக் காரணம் இதுதான். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடுமாறு அமைத்திருப்பார்கள். அத்தகைய இன்ஜினில் அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடும். தெர்மோஸ்டாட் கெட்டிருக்கிறதா என்று அறியச் சமையலறையே போதும். ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியையும் வைத்து அடுப்பேற்றினால், மேலே பொறித்திருக்கும் எண்ணை ஒட்டித் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் முழுமையாகத் திறக்க வேண்டும். புதியது ஒன்று வாங்கிப் பொருத்திவிடுங்கள். பொருத்தியபின் மூடியைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று முழுவதும் வெளியேறும் வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். தெர்மோ சுவிட்ச் இருக்கும் இடத்தில் காற்று தங்கிவிட்டால், நல்ல சுவிட்ச்கூடத் தண்ணீரின் சூட்டை உணராமல் ஃபேனைப் போடாது.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் 1984ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 4 பெட்ரோல் கார் இருக்கிறது. ஊருக்குள் தொந்தரவே இல்லை. திருச்சி சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் போனால் முள் ஏறத் தொடங்குகிறது. வேகத்தைக் குறைத்தால் இறங்குகிறது. ரேடியேட்டரை ராடிங் செய்து மூன்று மாதம்தான் ஆகிறது. எப்போதும் வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். (வாசகர், காரைக்குடி)

பதில்: முதல் கேள்விக்கு நேர் எதிரான நிலை உங்களுடையது. உங்கள் ஃபேனை இன்ஜினே பெல்ட் மூலம் சுழற்றுகிறது, 70 கிலோமீட்டர் வேகத்தில் முகப்பிலிருந்தும் காற்று வருகிறது. ஆகவே காற்றுக்குப் பஞ்சமில்லை, தண்ணீர்தான் போதுமான அளவு சுற்றவில்லை. நீங்கள் கடைசியாக எழுதிய வரியில்தான் காரணம் இருக்கிறது என்று கருதுகிறேன்.

உங்கள் காரின் 1489 சி.சி. இன்ஜின், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரோடு இங்கிலாந்திலிருந்து வந்த வார்ப்பிரும்பு இன்ஜின். வாட்டர் பம்ப் முன்பக்கம் இருப்பதால், தண்ணீர் மெதுவாக நகரும் பின்கோடியில், அதாவது நான்காம் சிலிண்டரைச் சுற்றி, துருவும் சுண்ணாம்பும் படிந்துகொண்டே வரும். ராடிங் செய்பவர் ரேடியேட்டரின் மேல் டேங்கைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்திருப்பார். பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் அமைந்த இன்ஜின் உடலை, யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பிளாக்கின் பின்பகுதியில் பக்கவாட்டில் ஒரு வடிகால் திருகு இருக்கிறது. இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு அதைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீர் பாய்ந்து வெளியேற வேண்டும். ஒரு சொட்டும் வராமல் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கெட்டியான கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் குடைந்தால் முதலில் காவிச் சேறு விரலளவு வெளியே தள்ளும், பிறகு துருச் செதில்கள் வரும், அதற்கும் பிறகுதான் தண்ணீர் வரும். தெர்மோஸ்டாட்டையும் மேல் ஹோஸையும் கழற்றிவிட்டு மேலிருந்து குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சி, கீழே தெளிந்த நீர் வரும் வரை அலசுங்கள். சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்திருந்தால் கடையில் கிடைக்கும் ரேடியேட்டர் ஃப்ளஷ் திரவத்தை டப்பாவில் சொன்ன அளவோடு பயன்படுத்தலாம். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சுண்ணாம்போடு சேர்த்து ரேடியேட்டரின் ஈயப் பற்றையும் தின்றுவிடும்.

அது முடிந்ததும் கீழ் ஹோஸைக் கவனியுங்கள். ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்ப் தண்ணீரை உறிஞ்சும் வழி அது. ரப்பர் இளகியிருந்தால், இன்ஜின் வேகம் கூடும்போது உறிஞ்சும் விசையில் அந்த ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொள்ளும்; வேகம் குறைந்தால் மீண்டும் உப்பிவிடும். நிற்கும் வண்டியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் கையைப் பெல்ட்டுக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டு டார்ச் விளக்கில் பார்க்க வேண்டும். ஹோஸ் சப்பையாவதைத் தடுக்கப் பல கார்களில் அதன் உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கும். பழைய ஹோஸை மாற்றும்போது அந்தச் சுருளைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

இவையும் சரியாக இருந்தால் ஃபேன் பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள்; ஏறத்தாழ அரை அங்குலம் அமுங்கலாம், அதற்கு மேல் அமுங்கினால் பெல்ட் வழுக்குகிறது. அடுத்தது வாட்டர் பம்ப். அதன் அடியில் உள்ள சிறு துளையில் தண்ணீர்க் கசிவின் தடம் இருந்தால் சீல் போய்விட்டது. கசிவே இல்லாவிட்டாலும், உள்ளே இருக்கும் இம்பெல்லரின் இறக்கைகள் உப்புத் தண்ணீரில் அரித்துப் பாதியாகியிருக்கலாம். இக்னிஷன் டைமிங்கையும், அதாவது ஸ்பார்க் பிளக்கில் பொறி விழும் நேரத்தையும், ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். டைமிங் பிந்தியிருந்தாலும், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் டயஃப்ரம் கிழிந்திருந்தாலும் நெடுஞ்சாலை வேகத்தில் இன்ஜின் சூடேறும்.

எல்லாம் சரியான பிறகும் போர் தண்ணீரையே ஊற்றினால் சில ஆண்டுகளில் இதே நிலைக்குத் திரும்பி வருவீர்கள். யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஆஸ்டின், மொரிஸ் கார்களின் சொந்தக்காரர்களுக்கும் இது பொருந்தும். சுண்ணாம்புப் பாறையில் ஊறிய அங்குள்ள கிணற்று நீரில் சுண்ணாம்பு இன்னும் மிகுதி.

கேள்வி: பழைய காருக்குப் பச்சைத் தண்ணீர் போதுமா, கூலன்ட் ஊற்ற வேண்டுமா? பச்சை நிறம், சிவப்பு நிறம் என்கிறார்களே, எது நல்லது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: கூலன்ட் ஊற்றுங்கள். வெப்பத்தைச் சுமக்கும் திறனில் வெறும் தண்ணீரே மேலானது என்பது உண்மைதான். ஆனால் அது துருவைத் தடுக்காது, 100 டிகிரியில் கொதித்தும் விடும். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் கொதிநிலையைச் சற்று உயர்த்துகிறது. அதைவிட முக்கியமாக, அதில் உள்ள மருந்துகள் வார்ப்பிரும்பையும் அலுமினியத்தையும் பித்தளையையும் அரிப்பிலிருந்து காக்கின்றன. அடர்கரைசலாக வாங்கினால் டிஸ்டில்ட் வாட்டரோடு சரிபாதி கலந்தால் போதும். அடர்த்தி கூடினால் குளிர்ச்சியும் கூடும் என்று நினைத்து அப்படியே ஊற்றினால் சூடு கூடத்தான் செய்யும். நிறம் என்பது நிறுவனங்கள் சேர்க்கும் சாயம். அதை வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது. இரண்டு வகைகளைக் கலக்காமல் இருப்பதும், சாதாரணப் பச்சை வகையாக இருந்தால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும் போதுமானவை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உள்ள கொடிய நஞ்சு. வடித்த கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் வைத்தால் நாயோ குழந்தையோ குடித்துவிடக்கூடும். சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். தரையில் சிந்தியதையும் உடனே கழுவிவிடுங்கள்.

கேள்வி: 1996ஆம் ஆண்டு ஓம்னி வைத்திருக்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் குன்னூரைத் தாண்டியதும் கொதித்துவிடுகிறது. சமவெளியில் ஒருநாளும் கொதித்ததில்லை. மலையில் குளிர்ச்சிதானே இருக்கிறது? அப்படிக் கொதித்தால் அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்? (வாசகர், ஈரோடு)

பதில்: காற்று குளிர்ச்சிதான். ஆனால் கீழ் கியரில் இன்ஜின் முழுச் சுமையோடு இழுக்கிறது, வண்டியின் வேகமோ குறைவு. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. பிரஷர் குக்கரின் வெயிட்டைப் போல அழுத்தத்தைப் பிடித்து வைப்பது. 0.9 என்று பொறித்த மூடி ஒழுங்காக வேலை செய்தால், சமவெளியில் தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் 100 டிகிரியிலேயே கொதிக்கும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். நல்ல மூடி இருந்தால் அங்கும் 115 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். கெட்ட மூடி இருந்தால் இன்ஜின் வழக்கமாக ஓடும் சூட்டிலேயே கொதித்துவிடும். சமவெளியில் தெரியாத மூடியின் குறை மலையில்தான் வெளிப்படுகிறது. எனவே முதலில் அதே அளவு பொறித்த புதிய மூடியைப் போடுங்கள். கூடுதல் அழுத்தம் உள்ளதைப் போட்டால் பழைய ரேடியேட்டரின் இணைப்புகள் விட்டுப்போகும். ஓம்னியில் ரேடியேட்டர் முன்னாலும் இன்ஜின் இருக்கைக்கு அடியிலும் இருப்பதால் இடையில் நீளமான குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் காற்று சிக்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

வழியில் முள் ஏறுவதைப் பார்த்தால் ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழு வேகத்தில் போட்டுவிட்டு, பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுங்குங்கள். ஹீட்டரும் ஒரு சிறு ரேடியேட்டர்தான். உள்ளே வெந்துபோகும், ஆனால் இன்ஜின் தப்பும். ஆவி வரவில்லை, தண்ணீர் வெளியேறவில்லை என்றால் இன்ஜினை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் நியூட்ரலில் ஓடவிடலாம். பம்பும் ஃபேனும் வேலை செய்து முள் இறங்கக்கூடும். ஆவி பீறிட்டால், அல்லது தண்ணீர் கொட்டியிருந்தால், அந்த நொடியே அணைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு குறைந்தது அரை மணி நேரம் மூடியைத் தொடக் கூடாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் 110 டிகிரித் தண்ணீர், மூடி திறந்த மறுகணமே ஆவியாகி முகத்தில் அடிக்கும். ஈரத் துணி வைத்துத் திறந்தாலும் முகம் தப்பாது. மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்து, பிசைந்தால் தளர்வாக இருந்த பிறகே திறக்கலாம். அப்போதும் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு சிறிது சிறிதாகத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்ந்து கிடக்கும் இன்ஜினில் அருவித் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட் விரிசல் விட்டுவிடும்.

கேள்வி: என் பிரீமியர் பத்மினியில் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் சோடா போலக் குமிழ் வருகிறது. தினமும் அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது. தரையில் ஒழுகிய தடமே இல்லை. ஆயில் சுத்தமாகத்தான் இருக்கிறது, எனவே ஹெட் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்கிறார் மெக்கானிக். (வாசகர், மதுரை)

பதில்: ஆயில் பால் போல மாறுவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் கிழிந்ததற்கான அறிகுறிகளில் ஒன்றுதான், அது இல்லாமலும் கேஸ்கெட் கிழிந்திருக்கலாம். சிலிண்டருக்கும் தண்ணீர் வழிக்கும் இடையில் மட்டும் கிழிந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகும், ஆயிலில் ஒன்றும் தெரியாது. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனேயே குமிழ் வந்து, இன்ஜினை உறுமவிடும்போது அது அதிகரித்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. உறுதி செய்ய வேண்டுமானால் ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயை வைத்துச் சோதிக்கும் கருவி நல்ல பட்டறைகளில் இருக்கும். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பதும் பயன் தரும். மற்றவை கறுத்திருக்க ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல வெளுத்திருந்தால், தண்ணீர் அந்த சிலிண்டருக்குள்தான் போகிறது.

கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிட வேண்டாம். உங்கள் காரின் ஹெட் அலுமினியத்தால் ஆனது; ஒருமுறை கொதித்தாலே வளையக்கூடியது. நேர்க்கோலை அதன் மேல் வைத்து அடியில் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்து, வளைவு இருந்தால் லேத் பட்டறையில் முகத்தைச் சீவ வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இரண்டு மூன்று கட்டமாக இறுக்குகிறார்களா என்று அருகில் நின்று பாருங்கள். கேஸ்கெட் எதனால் போனது என்பதையும் கண்டுபிடித்தாக வேண்டும். ரேடியேட்டர் அடைப்பு போன்ற காரணத்தை அப்படியே விட்டுவிட்டால் புதிய கேஸ்கெட்டும் அடுத்த கோடையைத் தாண்டாது. அதுவரை, தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம், வண்டியை எடுக்காமலே இருங்கள்.

கேள்வி: முள் சிவப்பில் நிற்கிறது. ஆனால் தண்ணீர் கொதிக்கவில்லை, குறையவும் இல்லை, இன்ஜின் இழுவையும் குறையவில்லை. நம்பலாமா? (வாசகர், கடலூர்)

பதில்: முள்ளை நம்பாமல் சூட்டை நேராக அளந்து பாருங்கள். துப்பாக்கி வடிவில் இருக்கும் இன்ஃப்ரா ரெட் வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் காட்டினால், ஒழுங்காக ஓடும் இன்ஜினில் 80க்கும் 95க்கும் இடையில் காட்டும். பளபளக்கும் அலுமினியத்தில் அளவு குறைத்துக் காட்டும் என்பதால் அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் பெரும்பாலும் சென்சாரோ அதன் வயரோதான் பழுது. சென்சாரின் வயரைக் கழற்றியதும் முள் கீழே இறங்கினால் மீட்டர் நல்லது, சென்சாரை மாற்றுங்கள்; இறங்காவிட்டால் வயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகிறது. பெட்ரோல் முள்ளும் அதே நேரத்தில் வழக்கத்தைவிட மேலே காட்டினால், பல பழைய கார்களில் இரண்டு மீட்டர்களுக்கும் பொதுவாக டேஷ்போர்டின் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் கெட்டிருக்கிறது; அதை மாற்றினாலே இரண்டு முள்களும் சரியாகிவிடும், ரேடியேட்டர் பக்கம் போக வேண்டியதே இல்லை.